நிக்கலா இரிடியமா? பிளக் வாங்க முதல் ஒருக்கா வாசியுங்கோ

போன கிழமை அத்தான் போன் எடுத்து, தம்பி காலமை ஸ்ராட் பண்ணேக்க கார் ஒரு நடுக்கம் நடுங்குது, கராச்சில பிளக் மாத்தச் சொல்லுறாங்கள், பாட்ஸ் கடைக்காரர் இரிடியம் போடு எண்டுறார், மெக்கானிக் சாதா பிளக் காணும் எண்டுறார், நான் ஆற்ற கதையைக் கேக்கிறது எண்டு கேட்டவர். அரை மணித்தியாலம் போனில சொன்னதைத்தான் இதில எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியை ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆரோ ஒராள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.

பிளக் எண்டு நான் சொல்லுறது ஸ்பாக் பிளக், எஞ்சினுக்குள்ள பொறி பறக்க வைச்சுப் பெற்றோலைப் பத்தவைக்கிற சாமான். நிக்கல், இரிடியம் எண்டுறது அதின்ர நுனி உலோகம். என்ர வாகனம் ரொயோட்டா கொரோலா 121, அத்தானின்ரயும் அதுதான், எஞ்சின் 1என்இசட். இதுக்கு ஏத்த சாதா நிக்கல் பிளக் டென்சோ எண்டா கே16ஆர்-யு11, என்ஜிகே எண்டா பிகேஆர்5ஈவைஏ-11. பாக்க மந்திரம் மாதிரி இருந்தாலும் விளங்கினா லேசு. கடைசி 11 எண்டது பொறி பாயிற இடைவெளி, 1.1 மில்லிமீற்றர். நடுவில நிக்கிற 16, 5 எண்டதுதான் ஹீற் ரேஞ்ச், பிளக் தன்ர சூட்டை எவ்வளவு கெதியா இறக்கும் எண்டுற அளவு. டென்சோ 16உம் என்ஜிகே 5உம் ஒண்டு, டென்சோ 20 எண்டா என்ஜிகே 6. ரெண்டு கொம்பனியிலயும் நம்பர் கூடக் கூட பிளக் குளிர் பிளக், அதாவது சூட்டைக் கெதியா பிளக் பூட்டியிருக்கிற எஞ்சின் ஹெட்டுக்குக் கடத்தி விடும். பொஷ் பிளக்கில கணக்கு நேர்மாறு, அதில நம்பர் கூடினாத்தான் சூடான பிளக், அதாலதான் நம்பரை மட்டும் பாத்து பிராண்ட் மாத்தாதேங்கோ எண்டு சொல்லுறது.

இதில ஒரு விசர்க்கதை எங்கட ஊரில ஓடுது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு நம்பர் குளிரா போட்டா எஞ்சினுக்கு நல்லமாம். எஞ்சினுக்குள்ள நெருப்பு எரியிற சூட்டுக்கு முன்னால எங்கட சித்திரை வெயில் ஒரு கணக்கே இல்லை. பிளக்கின்ர நுனி 450 பாகைக்கு மேல சூடாகினாத்தான் தன்னில பிடிச்ச கரியைத் தானே எரிச்சுத் தள்ளும். கொக்குவிலில இருந்து ரவுணுக்கு மூண்டு நாலு கிலோமீற்றர் ஓடிப்போட்டு நிப்பாட்டுற காருக்கு அந்தச் சூடு வரவே பஞ்சிப்படும், இதுக்குள்ள குளிர் பிளக்கும் போட்டா கரி பிடிச்சுக் கறுத்துப்போகும். கொம்பனி சொன்ன நம்பரையே போடுங்கோ, அவ்வளவுதான்.

இப்ப விசயத்துக்கு வாறன். நிக்கல் எண்டு நாங்கள் சொல்லுறதை கடையில கொப்பர் பிளக் எண்டும் சொல்லுவினம், ஆனா செம்பு இருக்கிறது உள்ளுக்கு நடுவில, அது இரிடியத்துக்குள்ளயும்தான் இருக்கு, நெருப்புப் பறக்கிற நுனிதான் வேற வேற உலோகம். நிக்கல் உருகிறது 1,455 பாகையில, பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அதாலதான் நிக்கல் நுனியை 2.5 மில்லிமீற்றர் தடிப்பில செய்யினம், இரிடியத்தை டென்சோக்காரர் 0.4 வரைக்கும் மெல்லிசாக்கிப் போட்டினம். நுனி மெல்லிசெண்டா குறைஞ்ச வோல்ற்றேச்சிலயே பொறி பாயும், பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலுக்குப் பாரம் குறைவு, பொறியில பிறக்கிற நெருப்பும் தடிச்ச உலோகத்தில முட்டிச் சூட்டை இழக்காமல் பரவும். நிக்கலிலயும் இதுக்கு ஒரு வழி பாத்திருக்கினம், டென்சோ, நடு நுனிக்கு எதிரில வளைஞ்சு நிக்கிற வெளிக்கம்பியில யூ மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கு, என்ஜிகே நடு நுனியில வி மாதிரி வெட்டியிருக்கு. நான் ரெண்டும் போட்டு ஓடினனான், ஓட்டத்தில ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியேல்ல, எது ஒறிஜினலா கிடைக்குதோ அது.

இரிடியம் போட்டா பெற்றோல் மிச்சம் எண்டு கடைக்காரர் சொல்லுறதை அரைவாசிக்கு மேல நம்பாதேங்கோ. தேஞ்சுபோன நிக்கலைக் கழட்டிப்போட்டு புது இரிடியம் பூட்டினா வித்தியாசம் தெரியும்தான், ஆனா அந்த இடத்தில புது நிக்கல் பூட்டினாலும் ஏறக்குறைய அதே வித்தியாசம் தெரியும். இரிடியத்துக்குக் காசு குடுக்கிறது ஆயுளுக்கு.

அந்த ஆயுளிலதான் கனபேர் ஏமாறுகினம். இரிடியம் எண்டு பெட்டியில போட்டிருந்தா எல்லாம் லட்சம் கிலோமீற்றர் ஓடும் எண்டு நினைக்கினம், ஆனா இரிடியத்தில ரெண்டு சாதி இருக்கு. ஒண்டில நடு நுனி மட்டும் இரிடியம், எதிர்ப்பக்க வெளிக்கம்பி வெறும் நிக்கல், டென்சோ இரிடியம் பவர், என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் எல்லாம் இந்தச் சாதி, ஓட்டம் நல்லா இருக்கும் ஆனா எதிர்க்கம்பி தேயும். மற்றதில எதிர்க்கம்பியிலயும் ஒரு பிளாட்டினப் பொட்டு வைச்சு ஒட்டியிருக்கும், டென்சோ எஸ்கே16ஆர்11 அந்தச் சாதி, லட்சம் கிலோமீற்றர் எண்டுற கதை அதுக்குத்தான் பொருந்தும். கடையில ரெண்டையும் ஒரே கண்ணாடி அலுமாரிக்குள்ள வைச்சுக்கொண்டு ரெண்டையும் இரிடியம் எண்டுதான் தருவினம், நீங்கள்தான் நம்பரைக் கேட்டு வாங்கோணும். பிளாட்டினம் நடுவில நிக்கிற பிள்ளை, ஆயுள் நிக்கலை விடக் கூட, விலை இரிடியத்தை விடக் குறைவு, ஆனா எங்கட பக்கம் தேடி மினக்கெடவேணும், எனக்கெண்டா அதில பெரிய விருப்பமில்லை.

சரி எனக்கு எது காணும் எண்டு ஒரு கணக்குப் போடுங்கோ. ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர் ஓடினா வருசத்துக்கு 7,300. சாதா நிக்கல் 20,000இல மாத்தினா கிட்டத்தட்ட மூண்டு வருசம் வரும். லட்சம் ஓடுற இரிடியம் பதின்மூண்டு வருசத்துக்கு மேல, அதுவரைக்கும் எங்கட பழைய கார் இருக்குமோ நாங்கள் இருப்பமோ. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏ9 ரோட்டால ஓடித்திரியிற ஆக்களெண்டா கதை வேற, போய்வர 800 கிலோமீற்றர் போயிடும், அவையள் யோசிக்காமல் நீளாயுள் இரிடியம் போடலாம். பிறியஸ் மாதிரி கொம்பனியே இரிடியம் போட்டு விட்ட வாகனத்துக்கு நிக்கலுக்கு இறங்காதேங்கோ.

சுசுகி வாகன்ஆர் வைச்சிருக்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ. யப்பானில அந்த 660 சிசி வாகனங்களுக்கு சாதா பிளக் 7,000இல இருந்து 10,000க்குள்ள மாத்தச் சொல்லித்தான் என்ஜிகே சொல்லுது, மற்றக் காருக்குச் சொல்லுறதில அரைவாசி. சின்ன எஞ்சின் கூடின வேகத்தில சுத்துறதால அதே தூரத்துக்குள்ள பிளக் கனக்கத்தரம் பொறிக்கோணும். ஆல்ட்டோ 800 எண்டா மூண்டே மூண்டு பிளக், நிக்கலே காணும்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து டுப்ளிக்கேற். நான் ஒருக்கா ஆசைப்பட்டு மலிவா இரிடியம் எண்டு நாலு வாங்கிப் பூட்டி, பரந்தன் தாண்டேக்க எஞ்சின் இழுக்காமல் திக்கத் தொடங்கி, வவுனியா மட்டும் மாட்டு வண்டில் மாதிரிப் போய்ச்சேந்தனான். கழட்டி மல்ரிமீற்றர் வைச்சா நாலில ரெண்டு பிளக் ஒண்டுமே காட்டேல்ல. நம்பரில ஆர் எண்டு இருந்தா உள்ளுக்கு றெசிஸ்ரர், அதாவது மின்தடை, இருக்கு எண்டு அர்த்தம், நல்ல பிளக்கில மேல் முனைக்கும் நடு நுனிக்கும் 5 கிலோஓம் அளவில, ஒரு 3க்கும் 7க்கும் இடையில காட்டோணும். சுழியம் காட்டினாலும் பிழை, ஒண்டும் காட்டாட்டியும் பிழை. மற்றது வாஷர், ஒறிஜினலில லேசில கழண்டு விழாது. வெளிக்கம்பி நடுவுக்கு நேர நிக்குதோ, மரை மினுமினுப்பா வெட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ. கொழும்பு பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடையளில இருந்து எடுப்பிச்சது எண்டு சொன்னாலும் பாருங்கோ. டுப்ளிக்கேற் இரிடியத்தை விட ஒறிஜினல் நிக்கல் ஆயிரம் மடங்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கே16ஆர்-யு11 நாலு வாங்கிக்கொண்டு வீட்டை வந்தவர். எஞ்சின் ஆறினாப் பிறகு, பிளக் இருக்கிற கிடங்குக்குள்ள காத்தடிச்சுப்போட்டுத்தான் கழட்டத் தொடங்கினம், இல்லாட்டி எங்கட ரோட்டுப் புழுதி அப்பிடியே சிலிண்டருக்குள்ள போகும். அப்பாவும் கம்பி பிரஷோட வந்து நிண்டார். அவர் 90களில பொருளாதாரத் தடைக்குள்ள ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில ஓடின மனிசன், கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்திறது, விடிஞ்சா பிளக்கைக் கழட்டிக் கரி உரஞ்சிறதுதான் முதல் வேலை. நிக்கலில அந்தப் பழக்கம் பரவாயில்லை. இரிடியத்தில கம்பி பிரஷ் பட்டா அந்த மெல்லிய நுனி கெட்டுப்போகும், இடைவெளியையும் கண்டபடி வளைச்சுச் சரிபண்ணேலாது, இரிடியம் போடுற ஆக்கள் வீட்டில ஆரும் பழைய காலத்து மெக்கானிக் இருந்தா முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

மூண்டாவது பிளக்கைக் கழட்டேக்கதான் நடுக்கத்தின்ர காரணம் தெரிஞ்சுது. நுனி வடிவா மண்ணிறமாத்தான் இருந்தது, ஆனா மேல்பக்க வெள்ளைப் பீங்கானும் கொயில் ரப்பரும் எண்ணெயில ஊறிப்போய்க் கிடந்துது. எஞ்சினை மேல மூடியிருக்கிற ரப்பட் கவரில இருக்கிற சீல் கசிஞ்சு கிடங்குக்குள்ள ஒயில் இறங்கியிருக்கு. துடைச்சு, புது நாலையும் கையால கடைசி மட்டும் சுத்தி இருத்தி, அதுக்கு மேல சாவியால அரைச் சுத்து மட்டும் குடுத்து இறுக்கினம், ஹெட் அலுமினியம் எண்டபடியா அதுக்கு மேல பலத்தைக் காட்டக்கூடாது. இப்ப நடுக்கம் இல்லை, ஆனா சீல் மாத்தும் வரைக்கும்தான் எண்டு சொல்லி விட்டனான், அத்தான் சீல் தேடித் திரியிறார். கழட்டின பழைய நாலையும் அப்பா பிரஷால மினுக்கி, பேப்பரில சுத்தி, லாச்சிக்குள்ள வைச்சிட்டார்.