ஓய்வு பெற்றவுடன் பழைய காப்புறுதிப் பாலிசியை நிறுத்தச் சொன்னான் முகவன், நிறுத்தினேன்: 8,880 வெள்ளி போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி போகட்டும், நம்ம தோட்டத்துப் பையன்தானே" என்று நானே விட்டுவிடுவேன். வீட்டுக்காரி இப்போதே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

8,880 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). ரப்பர் தோட்டத்து ஆபீஸில் 34 வருடம் கிராணியாக (குமாஸ்தாவாக)க் கணக்கு எழுதியவன் நான். பால் எடையில் அரைக் கிலோ இடித்தாலும் பேரேட்டைத் திருப்பிக் கண்டுபிடித்துவிடுவேன். அந்த என்னைத்தான் என் வீட்டு மேசையிலேயே உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மகள் பயப்படுகிறாள். ஈப்போவில் கிளை உள்ள ஒரு காப்புறுதி நிறுவனம், அவ்வளவுதான்.

பழைய பாலிசி 1996-ல் எடுத்தது. அப்போது எனக்கு 32 வயது. சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு பெரியவர் ஆபீஸ் வாசலில் வைத்து எழுதி வாங்கினார். 50,000 வெள்ளி ஆயுள் காப்புறுதி, மாதம் 94 வெள்ளி. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலம், லயத்து வீட்டை விட்டு சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த காலம், பையன் படிப்பு, எதிலும் அந்த 94 வெள்ளி நின்றதில்லை. 2024-ல் 60 முடிந்து ஓய்வு பெற்றபோது, நான் இறந்தால் வரும் தொகை போனஸெல்லாம் சேர்ந்து 68,000-ஐத் தாண்டியிருந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு வருகிற யோசனைதான் எனக்கும் வந்தது. வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் சம்பாதிக்கின்றன. இனி யாருக்காக இந்த 94 வெள்ளி? சம்பளம் நின்ற பிறகு 94 வெள்ளியும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்தக் கேள்வியில் தப்பில்லை. அதை யாரிடம் கேட்டேன் என்பதுதான் தப்பு.

கேட்டது எங்கள் தோட்டத்துப் பழைய தண்டல் (மேஸ்திரி) ஒருவரின் மகனிடம். சின்ன வயதில் திருவிழாவில் கூட்டம் நெரிக்கும்போது என் தோள்மேல் உட்கார்ந்து சாமி பார்த்த பிள்ளை. இப்போது காப்புறுதி முகவர், கழுத்தில் டை. ஆகஸ்டு மாதம், டுரியான் சீசன். ஒரு பை நிறைய டுரியானோடு வந்தான். வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்பா போன பிறகு நீங்கதான் எனக்கு அப்பா ஸ்தானம் என்றான். வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கோப்பி கலக்கப் போனாள். எங்கள் கதை அங்கேயே முடிந்துவிட்டது, டுரியான் வாசனையில் எனக்குத்தான் தெரியவில்லை.

"பெரியப்பா, இது பழைய காலத்துப் பாலிசி. நீங்க போன பிறகு வர்ற பணம் உங்களுக்கு எதுக்கு? கம்பெனிகிட்டயே திருப்பிக் கொடுத்து சரண்டர் பண்ணுங்க, 28,000-க்கு மேல கையில வரும். அதுல 12,000 மட்டும் புதுசுல போடுங்க. ஒரே தடவைதான். ஆயுள் காப்பும் உண்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மெடிக்கல் கார்டும் உண்டு, பணமும் வளரும்."

ஒரே தடவைதானா என்று நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையை ஆட்டினான். எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதே, எழுத வேண்டாமா என்றும் கேட்டேன். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதெல்லாம் வியாதியில் சேர்த்தி இல்லை பெரியப்பா என்றான். "உங்ககிட்ட கமிஷன் பார்க்கவா வந்தேன்?" என்று அவன் கேட்டபோது, கேட்டதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கைத்தட்டையில் (டேப்லெட்டில்) விரலால் ஐந்தாறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் இங்கிலீஷ், எழுத்து எறும்பு மாதிரி. கண்ணாடி உள்ளே இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்திருக்கலாம்.

சரண்டரில் 28,640 வந்தது. 12,000-ஐக் கொடுத்தேன், மீதி 16,640-ஐ பேங்கில் போட்டேன். ஒரு வருடம் நிம்மதி.

இந்த ஆகஸ்டில் ஒரு கடிதம்: ஆண்டுப் பிரிமியம் 12,000 வெள்ளி கட்ட வேண்டும். தவறி வந்திருக்கும் என்று நினைத்து அவனுக்குப் போன் அடித்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். மறுநாளும் மீட்டிங். மூன்றாம் நாள், சிஸ்டம் தானாக அனுப்புகிற கடிதம் அது, கண்டுகொள்ளாதீர்கள் என்றான். அதற்குப் பிறகு நீலக் குறி மட்டும் விழுகிறது, பதில் கிடையாது.

விடுமுறைக்கு வந்த மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். அது முதலீட்டோடு சேர்ந்த பாலிசி. ஒரே தடவை என்று எங்கேயும் இல்லை, வருடா வருடம் 12,000. நான் கொடுத்த 12,000-ல் 4,800 முதலீட்டுக்கே போகவில்லை, கமிஷன், செலவு என்று முதலிலேயே கழிந்துவிட்டது. மீதி 7,200-லிருந்து மெடிக்கல் கார்டுக்கும் ஆயுள் காப்புக்கும் மாதம் ஏறக்குறைய 340 வெள்ளி பிடித்திருக்கிறார்கள். 60 வயதுக்காரனுக்கு அந்தக் கட்டணம் அப்படித்தான் இருக்குமாம், வயது ஏற ஏற இன்னும் ஏறுமாம். என் பெயரில் நிற்பது 3,120. போனது 8,880. இனிமேல் கட்டாமல் விட்டால் அந்த 3,120-லிருந்தே பிடித்துக்கொண்டு வருவார்கள், பத்து மாதம்கூடத் தாங்காது, பாலிசியும் செத்துவிடும்.

இனிப்பு நீர் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருக்கிறான். பழைய பாலிசியை நிறுத்திவிட்டு இதை எடுக்கிறீர்களா என்ற கேள்விக்கும் 'இல்லை'. இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் மறைத்தது நான்தான் என்று சொல்லிக் கார்டைத் தள்ளிவிடலாம்.

புதுப் பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதியும் இருக்கிறது. என் பாலிசி இமெயிலில் வந்ததாம். எனக்கு ஏது இமெயில்? அவனே ஒன்றைத் திறந்து, பாஸ்வேர்டையும் அவனே வைத்திருக்கிறான். 15 நாள் வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

ஈப்போ கிளைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை கவுண்டரில் இருந்த பெண் "கையெழுத்து உங்களுடையதுதானே அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல் பார்த்தாள். இரண்டாம் முறை வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைக்கச் சொன்னார்கள். அழைத்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டு ஓடுகிறது. மூன்றாம் முறை மேலாளர் வெளியே போயிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். எழுத்தில் புகார் கொடுத்ததற்கு நேற்றுத்தான் பதில் வந்தது: விதிமுறைப்படி எல்லாம் விளக்கப்பட்டு, வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்துள்ளார், இதுவே இறுதி முடிவு. 8,880 வெள்ளிக்கு நாலு வரி.

இதைவிட என்னை எரிக்கிறது வேறு. பக்கத்துத் தாமானில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார்: பிரிமியம் கட்ட மனமில்லை என்றால் பழைய பாலிசியைச் சரண்டர் செய்திருக்கவே வேண்டாம், 'பெய்டு அப்' ஆக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. தொகை குறையும், ஆனால் சாகும்வரை காப்பு நிற்கும். இந்த ஒரு வார்த்தையை அந்தப் பையன் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்? சரண்டர் செய்ததை இனி உயிர்ப்பிக்க முடியாது. கட்டாமல் காலாவதியான பாலிசியாக இருந்திருந்தால்கூடக் கெஞ்சிப் பார்த்திருக்கலாம்.

யாருக்காக 94 வெள்ளி என்று கேட்டேனே, பதில் வீட்டுக்குள்ளேயே கோப்பி கலக்கிக்கொண்டிருந்தது. பால்மரம் சீவி முட்டி தேய்ந்து 45 வயதிலேயே நின்றுவிட்டவள். அவளுடைய ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது. நாமினியும் அவள்தான். நான் முந்திப் போனால் அந்த 68,000 அவள் கைக்கு நேராக வந்திருக்கும், என் கடன்காரன்கூடத் தொட முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய பாலிசியை வைத்துக்கொள்ளலாமா என்று புதுசு விற்கிறவனிடம் கேட்காதீர்கள், பழைய நிறுவனத்துக்கே போய்ச் சரண்டர் தொகை எவ்வளவு, பெய்டு அப் ஆக்கினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கைத்தட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள், பிள்ளைகள் வரும்வரை பொறுங்கள். வியாதியை மறைக்காதீர்கள். உங்கள் இமெயிலை அடுத்தவனிடம் கொடுக்காதீர்கள். டுரியான் கொண்டுவந்தால் சாப்பிட்டுவிட்டு அனுப்பிவிடுங்கள்.

நிறுவனம் கைவிரித்த பிறகு எஃப்.எம்.ஓ.எஸ். என்கிற நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம், 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பெயரில் நடக்கிறது. நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை. இறுதி முடிவுக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் எழுதப் போகிறேன். மகள் பாரத்தை நிரப்பிவிட்டாள், எல்லாவற்றுக்கும் நகல் கேட்கிறாள். போட்டோகாப்பிக் கடை ஆறு மணிக்கு மூடிவிடும், கிளம்புகிறேன்.