இருவர் அமரும் தள்ளுவண்டி, மூவர் இருக்கும் வீட்டில்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்டையரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு இரண்டாவது பத்திவரை வர நேரம் கிடைக்கும் என்று உறுதியில்லை. வாங்கலாம். ஆனால் வெளியே தள்ளிக்கொண்டு போகத்தான் வாங்குகிறோம் என்று எண்ணி வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இந்த வண்டி உருண்ட நேரத்தைவிட பிரேக் போட்டு நின்ற நேரமே அதிகம். நிற்கிற அந்த நேரத்துக்காகவே இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டு நிலவரம் இது. இரண்டரை வயது இரட்டையர்: மூத்தவள் மகள், அவளுக்கு நான்கு நிமிடம் இளையவன் மகன். அவர்களுக்குப் பிறகு, பிறந்து சில வாரங்களே ஆன சின்னவன். நான்கு நிமிடம் தாமதித்த பாவத்துக்கு நடுப்பிள்ளை ஆகிவிட்டவனுக்கு அதில் உள்ள அநியாயம் இன்னும் புரியவில்லை. புரியும் நாளில் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

வண்டி இரண்டு இருக்கைகளும் அருகருகே அமைந்த வகை. அகலம் 76 சென்டிமீட்டர், எடை 14 கிலோ. ஆளுக்கு 13 கிலோ என்று பிள்ளைகளைச் சேர்த்தால் 40 கிலோவைத் தள்ள வேண்டும். சமதளத்தில் இது பெரிய விஷயமே இல்லை. முன்சக்கரங்கள் நன்றாகத் திரும்புகின்றன, ஒரு கையாலும் ஓட்ட முடிகிறது. இருவரும் அமர்ந்திருக்கும்வரை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இறங்கி நடப்பேன் என்று அடம்பிடித்து இறங்கிவிட்டால், வண்டி ஆள் இருக்கும் பக்கமாக இழுக்கத் தொடங்கும். அருகருகே இருக்கை உள்ள எந்த வண்டியிலும் இந்தக் குணம் உண்டு. நேராக ஓட்ட மணிக்கட்டில் பலம் வேண்டும். இன்னொரு கையில் இறங்கியவளின் விரல் இருக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக இருக்கை வைத்த வண்டியையும் ஒரு தோழியிடம் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அகலம் குறைவு, எந்தக் கதவிலும் நுழையும். ஆனால் நடைபாதை விளிம்பில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன்னால் 13 கிலோ உட்கார்ந்திருக்கும்போது அது லேசில் எழாது. பின்னால் இருப்பவனின் கால் சரியாக முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் போகும். அதைவிட, முன் இருக்கை யாருக்கு என்ற வழக்கு ஒவ்வொரு புறப்பாட்டிலும் புதிதாகத் தொடங்கி, மேல்முறையீடு வரை போகும். அருகருகே வைத்த வண்டியில் சமத்துவம் உண்டு, எல்லைப் பாதுகாப்புதான் இல்லை. நடுவில் இருக்கும் துணித் தடுப்பு முழங்கை உயரம்கூட இல்லை. கை அடுத்த நாட்டுக்குப் போய்த் தலைமுடியோடு திரும்பி வருகிறது. ஆனாலும் எனக்கு இந்தச் சண்டையே மேல். இரண்டு முகமும் ஒரே பார்வையில் தெரிகின்றன, யார் தொடங்கியது என்று விசாரிக்க வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டியின் மேல் ‘பிறந்த நாள் முதல்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஒரு படம்: ஓர் இருக்கையில் சிரிக்கும் குழந்தை, மற்றதில் உறங்கும் பச்சிளங்குழந்தை. இருக்கை கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்கிறது, அந்த அளவில் பொய்யில்லை. கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்ந்த நிலையில் உட்காரவைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப்பாதை அடைபடலாம்; அதனால் தானாக உட்காரும் வயது வரும்வரை, ஏறக்குறைய ஆறு மாதம், தட்டையாகத்தான் படுக்க வைக்க வேண்டும். ஆனால் படத்தில் இருப்பது இரண்டு தலை. எங்களிடம் இருப்பது மூன்று. அது போக, படத்தில் சிரிக்கிற குழந்தையின் கை தன் மடியிலேயே இருக்கிறது. எங்கள் நடுப்பிள்ளைக்குத் தம்பியின் கண் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

ஆக, சின்னவன் பயணிப்பது என் மார்பில் கட்டும் கேரியரில். வண்டியைப் பற்றிய மதிப்புரையில் கேரியருக்கு ஏன் இடம் என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா என்று வண்டியைச் செய்தவர்கள் யோசித்திருந்தால் நான் இதை எழுதவே தேவையிருக்காது. கேரியரில் பார்க்க வேண்டியவை சில: குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது, முதுகுக்குத் தாங்கல் வேண்டும், முழங்கால் பின்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். பல கேரியர்கள் ஏறக்குறைய 3.2 முதல் 3.5 கிலோவுக்கு மேல்தான் ஏற்கும். குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைந்தது என்றால் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. இரட்டையர் வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கிராம் கணக்கில் வாழ்ந்து வந்தவர்கள் நாம்.

இப்போது வண்டியின் பெரிய குறைக்கு வருகிறேன். பட்டையின் பூட்டு.

ஐந்து முனைப் பட்டை: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. பாதுகாப்புக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் இந்த வண்டியில் தோளுக்கான பட்டையின் நாக்கை, அதாவது அதன் செருகுமுனையை, முதலில் இடுப்புப்பட்டையின் நாக்கில் செருக வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. செருகிய இரண்டையும் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டே நடுப்பூட்டில் ஒன்றாக அழுத்த வேண்டும். ‘க்ளிக்’ என்ற சத்தம் வந்தால்தான் பூட்டியது. இதற்கு இரண்டு கை வேண்டும். மார்பில் சின்னவன் இருக்கும்போது நான் இடுப்பை வளைத்துக் குனியவே கூடாது. முழங்காலை மடக்கி இறங்கி, ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீதி இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் வலப்பக்க நாக்கைச் செருகப் போகும்போது இடப்பக்க நாக்கு கழன்று தொங்கும். அதற்குள் மூத்தவள் முதுகை வில்லாக வளைத்து இருக்கையிலிருந்து வழுக்கி, பாதி உடம்பு தரையில் இருக்கும்.

இதற்கு வழி வரிசைமுறையில் இருக்கிறது. முதலில் கேரியரின் இடுப்புப்பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு, துணியை முன்னால் தொங்கவிட வேண்டும். அப்போது சின்னவன் தன் தொட்டிலில் இருப்பான், அழுவான், அழட்டும். அடுத்து பெரியவர்கள் இருவரையும் ஏற்றிப் பூட்ட வேண்டும். கடைசியாகத்தான் அவனைத் தூக்கிக் கட்டுவது. திரும்பி வந்ததும் இதே வரிசை தலைகீழ். இடையில் யாருக்காவது டயபர் நிறைந்தால் வரிசை கலைந்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். காந்தத்தால் தானே ஒட்டிக்கொள்ளும் பூட்டு வைத்த வண்டிகளும் உண்டு. என்னைப் போல மூன்றாவது ஒருவன் இருக்கிறான் என்றால் குடை, கோப்பைத்தாங்கி என்று எதையும் பார்க்காமல் முதலில் பூட்டைப் பாருங்கள்.

இனி இந்த வண்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கும் இடம். பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் நான் நாற்காலியோடு கட்டப்பட்டுவிடுகிறேன். இரட்டையர் அதை அறிவார்கள். அம்மா எழ முடியாது என்பது அவர்களுக்குப் பொழுது விடிந்ததைப் போல. உடனே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இரட்டையரின் குறும்பு ஒரு குழந்தையின் குறும்பு இரண்டு மடங்கானது அல்ல. அதில் கூட்டுத் திட்டம் இருக்கிறது. ஒருத்தி கவனத்தைத் திருப்புவாள், மற்றவன் இழுப்பறையைத் திறப்பான். விளையாட்டுத் தடுப்புக்குள் விட்டுப் பார்த்தோம்: ஒருவன் மண்டியிட்டான், மற்றவள் அவன் முதுகில் ஏறித் தாண்டிவிட்டாள். தாண்டியவள் வெளியே நின்று அவனுக்காக அழுதாள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஆகவே பால் கொடுக்கும் நேரத்தில் வண்டி என் நாற்காலிக்கு எதிரே வந்து நிற்கிறது. பிரேக், பட்டை, ஆளுக்கு ஒரு படப்புத்தகம். புத்தகம் பரிமாறப்படும், பிறகு பறிக்கப்படும், பிறகு எறியப்படும். எல்லாம் என் கண்முன் நடக்கும். சின்னவன் குடித்து முடிக்கும்வரை வீடு நிற்கிறது. சில நேரம் வலது காலை நீட்டி வண்டியை ஓரங்குலம் முன்னும் பின்னும் ஆட்டுகிறேன், பிரேக்குக்கு உள்ள சிறு இடைவெளியில். அதுவே அவர்களுக்கு ஊர்வலம்.

‘கட்டிப்போட்டு வளர்க்கிறாயே’ என்று வந்துபோன உறவினர் ஒருவர் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது நடுப்பிள்ளை அவருடைய கைப்பையில் பாதி தூரம் போயிருந்தான். ஆனால் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ முதுகில் கட்டியோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை அசையவிடாமல் வைக்கக் கூடாது என்கிறது. ஒரு பால்வேளை அந்த எல்லைக்கு வெகு முன்பே முடிந்துவிடும். முடிந்ததும் இறக்கிவிட வேண்டும், ஓடவிட வேண்டும். அமைதியாக இருக்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம் நீட்டிக்கும் ஆசை வரும். வரத்தான் செய்யும்.

அதே ஆவணத்தில் தூக்கக் கணக்கும் இருக்கிறது. மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் மூவரும் சேர்ந்து தூங்க எத்தனையோ மணி நேரம் பொருந்தி வர வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் மூவரிடமும் அதைக் காட்டவில்லை போலிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: வண்டியில் தூங்கிப்போனால் வீட்டுக்குள் வந்ததும் தூக்கிப் படுக்கையில் போட்டுவிடுங்கள். எழுந்துவிடுவார்களே என்றால், ஆம், எழுந்துவிடுவார்கள்.

வெளியே போகும்போது கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். பிள்ளைகள் அமர்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. இருவரையும் இறக்கியதும் வண்டி மல்லாந்து விழும். மூவரின் டயபர் பை என்றால் கேட்கவே வேண்டாம். பொருள்களுக்குக் கீழே உள்ள கூடை போதும், ஆனால் இருக்கையைச் சாய்த்துவிட்டால் அதற்குள் கை போகாது. குடை இரண்டும் தனித்தனியாக மடங்குவது நல்லது: ஒருத்திக்கு நிழல் வேண்டும் என்றால் மற்றவனுக்கு வெயில் வேண்டும். வெயிலுக்காகக் குடையின் மேல் துணி போர்த்துகிறவர்களைப் பார்க்கிறேன். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும், செய்யாதீர்கள்.

மடிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘ஒரு கையால் மடிக்கலாம்’ என்பது ஒரு கையும் ஒரு முழங்காலும் ஒரு வசைச்சொல்லும் சேர்ந்த கணக்கு. குடைபோல மடியும் தள்ளுவண்டிக்கு 1965இல் காப்புரிமை கோரியவர் ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். விமானம் பறக்கும்போதே சக்கரத்தை மடிக்கத் தெரிந்தவர் வழிவந்த தொழிலில், நெஞ்சில் குழந்தை இருக்கும் ஒருத்திக்கு மடிக்கத் தெரிந்தது இவ்வளவுதான்.

வாங்கும்முன் இரண்டை அளந்துவிடுங்கள். முதலாவது கதவு. நிலைச்சட்டத்தை அளக்காதீர்கள், கதவைத் திறந்துவைத்து மீதமுள்ள இடைவெளியை அளங்கள். செங்கோணத்தில் திறந்த கதவின் தடிமனே மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். இரண்டாவது பிள்ளைகள். தள்ளுவண்டிகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஈஎன் 1888 இரண்டு பகுதிகளாக இருக்கிறது: முதல் பகுதி 15 கிலோ வரையான குழந்தைக்கு, இரண்டாவது பகுதி 22 கிலோ வரை. 13 கிலோ பிள்ளைகளுக்கு முதல் பகுதி மட்டும் உள்ள வண்டியை வாங்கினால் வெகுநாள் வராது. எங்கள் வண்டி ஓர் இருக்கைக்கு 22 கிலோ தாங்கும்.

மூன்று இருக்கை வண்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அதன் நீளத்தையும் எடையையும் பாருங்கள், பிறகு உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். பின்னால் பொருத்தும் நிற்கும் பலகை ஒன்று தனியாகக் கிடைக்கிறது. இப்போது அது எனக்கு ஆகாது. மார்பில் ஒருவன், காலுக்கு முன்னால் பலகை என்றால் கைப்பிடி எட்டாது. சின்னவன் உட்காரும் வயதுக்கு வந்து மார்பைவிட்டு இறங்கியதும் வாங்குவதாக எண்ணம். அதற்குள் மூத்தவள் நடந்தே வருவேன் என்பாள். நடுப்பிள்ளை அவள் இருக்கையும் தனக்குத்தான் என்பான். அந்த வழக்கை அப்போது எடுத்துக்கொள்கிறேன்.