தீர்வு சொல்லாத கூட்டம்: காலநிலை கஃபே

பூமி சூடாவதை எண்ணி உறக்கம் கெட்டவர்களுக்கு இந்த இணையவழிச் சந்திப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆறுதல் வார்த்தைகளை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிக் கூடிப் பேசுவதற்காக 2015இல் ஸ்காட்லாந்தில் ஜெஸ் பெப்பர் என்பவர் தொடங்கிய காலநிலை கஃபேக்கள் இன்று பல நாடுகளில், பல வடிவங்களில் நடக்கின்றன. நான் கலந்துகொண்டது உணர்வுகளைப் பேசுவதற்கென்றே வகுத்த வடிவம். சொற்பொழிவு கிடையாது, அறிவுரை கிடையாது, ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்ற பேச்சும் கூடாது.

புவியியல் ஆசிரியையான எனக்குக் கடைசி விதி உறுத்தியது. வெப்பநிலை வரைபடத்தைக் காட்டிய கையோடு தீர்வுகளையும் அடுக்கிவிடுவதுதான் வகுப்பறை வழக்கம். ஆனால் 2021இல் 10 நாடுகளில் 10,000 இளையோரிடம் நடந்த ஆய்வில், 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காலநிலை மாற்றம் பற்றிய கவலை அன்றாட வாழ்வையே பாதிப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை யாராவது காதுகொடுக்க வேண்டாமா?

இயற்கையிலிருந்து ஏதேனும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கடலில் மூழ்கிப் பழகிய ஒருவர் செத்த பவளத்தின் துண்டைக் கேமராவுக்கு அருகில் பிடித்தார். வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு. அதன் குழிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. “இந்தத் திட்டு நிறத்தோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன்” என்றார். அவ்வளவுதான். யாரும் தேற்றவில்லை. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய பவள வெளிறல் பற்றி, அதாவது கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழப்பது பற்றி, எத்தனையோ படித்திருக்கிறேன். அதற்காக அழுதது அன்றுதான்.

குறைகளும் உண்டு. வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவரையும் வரப்போவதை எண்ணி அஞ்சுபவரையும் ஒரே குழுவில் சேர்க்கிறார்கள். முன்னவர் பேசியதும் மற்றவர்கள் வாயடைத்துப் போகிறார்கள், அவரும் தனித்துவிடப்படுகிறார். இது சரியில்லை. நேரம் முடிந்த நொடியில் திரையை அணைப்பதும் மனதை அறுக்கிறது. விடைபெறக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

இழப்பை ஏற்றுக்கொள்வதென்றால் கைகட்டி நிற்பது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உருகி மறைந்த ஐஸ்லாந்தின் ஓக் பனிப்பாறைக்கு 2019இல் நினைவுப் பலகையே வைத்துவிட்டார்கள், போனது போனதுதான். அதை ஒப்புக்கொண்டு அழுத பிறகும், தவிர்க்க முடிகிற ஒவ்வொரு 0.1 பாகை வெப்பத்துக்காகவும் உழைக்கலாம். எனக்கு அந்தத் தெம்பு இங்கேதான் கிடைத்தது.

இது சிகிச்சை அல்ல என்று ஒருங்கிணைப்பாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் மருத்துவரையே பார்க்க வேண்டும். மற்றவர்கள் தயங்காமல் போகலாம். அடுத்த கூட்டத்துக்கு என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறேன்.