சீட்டு போடும் குட்டி புரோகிராம்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

பைத்தான் (ஒரு புரோகிராமிங் மொழி) கற்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், 52 சீட்டுக் கட்டிலிருந்து நாலு பேருக்கு ஆளுக்கு 5 சீட்டு போடும் புரோகிராம் எழுதி, எப்படி இருக்கிறதென்று சொல்லச் சொன்னார். ஓடுகிறது, வேரியபிள் பெயர்களும் தெளிவு. ஆனால் இஸ்பேட் ராஜா இரண்டு பேர் கையில் இருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் ரேண்டம் சாய்ஸ் (குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்கும் ஃபங்ஷன்) வைத்து முழு 52-லிருந்தும் ஒன்றைப் பொறுக்குகிறார், எடுத்ததைக் கட்டிலிருந்து நீக்குவதே இல்லை. இப்படிச் செய்தால் ஒரே ஆளின் 5 சீட்டுக்குள்ளேயே இரட்டை விழ சுமார் 18 சதவீத வாய்ப்பு, மொத்தம் 20 சீட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, தீர்வு சின்னதுதான்: 52-ஐயும் ஒரு லிஸ்ட்டில் போட்டு, ஷஃபிள் ஃபங்ஷனால் ஒரே தடவை கலைத்து, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாப் செய்துகொண்டே (அதாவது எடுத்து, லிஸ்ட்டிலிருந்தும் நீக்கிக்கொண்டே) போனால் போதும். கலைப்பதையும் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்தால் (பிடிக்கட்டும், நல்ல பயிற்சி) ஃபிஷர்-யேட்ஸ் முறையை (எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு தரும் கலைக்கும் முறை) பார்க்கவும். ஒவ்வொரு சீட்டையும் 52-இல் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றுவது சரிபோலத் தெரியும், ஆனால் எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு தராது.

அப்புறம், நாலு ஆட்டக்காரர்களுக்கும் ஒரே கோட் வரிகளை நாலு முறை ஒட்டியிருப்பது கண்ணை உறுத்துகிறது, ஒரு லூப் (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) போதுமே. இப்போதைக்கு என் மதிப்பெண் 5-க்கு 3. திருத்தி அனுப்பினால் 4 ஆக்கிவிடுகிறேன்.