ராயல் மாளிகையும் அடிமைக் குடியிருப்பும், மெட்ஃபோர்டு: கட்டாயம் பார்க்க வேண்டிய அருங்காட்சியகம்

பாஸ்டனுக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் புரட்சிக் கால இடங்களை இணைக்கும் நடைபாதையான ஃப்ரீடம் டிரெயில் வழியே நடந்து, புரட்சி வீரர் பால் ரிவியர் வாழ்ந்த வீட்டைப் பார்த்து, துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டப்பட்ட கதையையும் கேட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவையெல்லாம் பார்க்கத்தக்கவைதான். ஆனால் அமெரிக்கக் குடியேற்றக் காலத்தையும் புரட்சிக் காலத்தையும் ஒரே வளாகத்தில் முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்புபவர்களை, அருகிலுள்ள மெட்ஃபோர்டு நகரின் ராயல் மாளிகைக்குத்தான் நான் போகச் சொல்வேன். மாளிகைக்கு எதிரே, சில அடி தூரத்தில், அங்கே வேலை வாங்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தங்கியிருந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் தனிக் கட்டடமாக எஞ்சியிருக்கும் அடிமைக் குடியிருப்பு இது ஒன்றே என்று கருதப்படுகிறது.

ஐசக் ராயல் கரீபியன் பகுதியிலுள்ள ஆன்டிகுவா தீவில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை, ரம், அடிமை வணிகமும் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். 1732இல் மிஸ்டிக் ஆற்றங்கரையில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணையை வாங்கி, அங்கிருந்த வீட்டை விரிவாக்கி, 1737இல் குடும்பத்தோடு குடிவந்தார். அப்போது அவருடன் குறைந்தது 27 ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர் 1739இல் இறந்தபின் மகன் இளைய ஐசக் ராயல் வீட்டை மேலும் அலங்கரித்தார். மூன்று மாடி கொண்ட இம்மாளிகையின் மேற்குப் பக்கச் சுவருக்கு அருகில் போய்ப் பாருங்கள். தொலைவிலிருந்து கருங்கல் அடுக்கியதுபோல் தோன்றும் அந்தச் சுவர் முழுவதும் மரப்பலகைதான்; கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதுபோலப் பலகையில் வரி வெட்டி அந்தத் தோற்றத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்துச் செல்வந்தர்களைப் போல வாழ வேண்டும் என்ற அந்தக் குடும்பத்தின் ஆசையை இந்த ஒரு சுவரே சொல்லிவிடுகிறது.

உள்ளே மரவேலைப்பாடுகள் மிக நேர்த்தியானவை. செதுக்கிய வளைவுகள், சன்னலோர இருக்கைகள், பூவோடுகள் பதித்த கணப்பிடங்கள், மாடியில் ‘மார்பிள் சேம்பர்’ எனப்படும் படுக்கையறையின் அலங்காரத் தூண்கள் ஆகியவற்றைக் கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அறைகலன்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தைச் சேர்ந்தவையே தவிர, ராயல் குடும்பத்தார் பயன்படுத்தியவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த அருங்காட்சியகத்தை மற்ற பழைய மாளிகைகளிலிருந்து வேறுபடுத்துவது வழிகாட்டிகள் கதை சொல்லும் முறை. விருந்தறையில் நிற்கும்போதே அந்த விருந்தைச் சமைத்தவர்கள் யார், விறகு சுமந்தவர்கள் யார், எசமானர்கள் உறங்கியபின் அவர்கள் எங்கே படுத்தார்கள் என்ற கேள்விகள் எழுப்பப்படுகின்றன. சமையலறையும் அதற்கு மேலுள்ள அறையும் வரவேற்பறைக்கு இணையான அக்கறையோடு விளக்கப்படுகின்றன. எசமானர்களின் பெருமையை மட்டும் பாடிவிட்டு, வேலை செய்தவர்களைக் கடைசியில் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும் இடங்களைப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு, இந்த நேர்மை மிகுந்த மனநிறைவைத் தந்தது.

1999 முதல் 2001 வரை வளாகத்தில் நடந்த அகழாய்வில் கிடைத்த பொருட்கள் இந்தக் கதைக்குப் பெருந்துணை. உடைந்த பீங்கான் பாத்திரத்தின் சில்லைத் தேய்த்து வட்டமாக்கிய ஆட்டக்காய், சிறு கோலிக்குண்டு போன்றவற்றை அருகில் பார்க்கும்போது, சொத்துக் கணக்கில் வெறும் பெயராகவும் விலையாகவும் பதிவான மனிதர்களுக்கு ஓய்வும் விளையாட்டும் இருந்திருக்கின்றன என்பது புலனாகிறது.

அவர்களில் ஒருவரான பெலிண்டா சட்டனின் வரலாற்றை அறிந்துகொள்ளவே இங்கு வரலாம். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் அமெரிக்கப் புரட்சிப் போர் வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பே மெட்ஃபோர்டை விட்டுக் கிளம்பிய இளைய ராயல் திரும்பி வரவேயில்லை. 1781இல் இங்கிலாந்தில் இறந்தார். காலியான மாளிகையைப் புரட்சிப் படையின் ஜான் ஸ்டார்க் தம் தலைமையகமாக்கிக்கொண்டார். பின்னர் மாநில அரசு சொத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தக் குடும்பத்துக்கு உழைத்த பெலிண்டா, அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி தன் உழைப்பால் சேர்ந்தது, தனக்கோ அதில் ஒரு கவளமும் கிடைக்கவில்லை என்று முறையிட்டு, 1783 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனு அளித்தார். சிறு வயதில் ஆப்பிரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டதையும் அம்மனு உருக்கமாகச் சொல்கிறது. ராயல் சொத்திலிருந்து ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் தர வேண்டும் என்று சட்டமன்றம் ஆணையிட்டது. ஆனால் அந்தத் தொகை ஒழுங்காக வந்து சேராததால், அவர் மீண்டும் மீண்டும் மனு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதிய பெண், புதிதாகப் பிறந்த குடியரசிடம் தன் கூலியைக் கேட்ட அந்தத் துணிவைக் குழந்தைகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இளைய ராயல் தம் உயிலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்ற நிலத்தின் வருவாயிலிருந்துதான் 1815இல் அங்கே முதல் சட்டப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து 1817இல் சட்டப் பள்ளி தோன்றியது. ராயல் குடும்பச் சின்னத்திலிருந்து எடுத்த மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள் அப்பள்ளியின் கேடயத்தில் நெடுங்காலம் இருந்தன. மாணவர் போராட்டத்துக்குப் பின் 2016இல்தான் அவை நீக்கப்பட்டன. ஹார்வர்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மாளிகையை முதலில் பார்த்துவிட்டுப் போனால், அங்கே காண்பவை வேறு விதமாகப் பொருள்படும்.

கிரீன் லைன் ரயிலில் மெட்ஃபோர்டு/டஃப்ட்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே இங்கு வந்துவிடலாம். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடம் இல்லை. கோடைகாலத்தையொட்டிய மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வழிகாட்டியோடு உள்ளே அழைத்துச் செல்கிறார்கள் என்பதால், இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் தயங்காமல் கூட்டிவாருங்கள். பெலிண்டாவின் மனுவை வீட்டிலேயே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு வந்தால், வழிகாட்டியிடம் கேட்க அவர்களிடமே நிறையக் கேள்விகள் இருக்கும்.