வீட்டு சர்வே, குழுக் கலந்துரையாடல், கூகுள் ஃபார்ம், மருந்துச் சோதனை: எதற்குச் சம்மதிக்கலாம்?

கருத்தடை, பிரசவம், மாதவிடாய், பால்வினை நோய், தாம்பத்திய உறவு. இவற்றைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, நீங்களும் கலந்துகொள்ளுங்கள் என்று யாராவது கேட்டால் நம்மில் பலரும் தயங்குவோம். தயங்குவதில் தவறே இல்லை. ஆனால் ஆய்வு என்ற ஒரே பெயரில் நம்மிடம் வருபவை ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபட்டவை. வாசலில் வந்து கேட்கும் சர்வே, அங்கன்வாடியில் பத்துப் பேரை உட்கார வைத்துப் பேசும் கூட்டம், வாட்ஸ்அப்பில் வரும் கூகுள் ஃபார்ம், ஆஸ்பத்திரியில் நடக்கும் மருந்து அல்லது தடுப்பூசிச் சோதனை ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: நாம் அதிகம் பயப்படும் இடத்தில்தான் சட்டப் பாதுகாப்பு அதிகம். நாம் சாதாரணமாக நினைக்கும் இடங்களில் அது குறைவு.

முதலில் வீட்டு சர்வே. இதற்கு நல்ல உதாரணம் தேசிய குடும்ப நல ஆய்வு. 1992-93இல் தொடங்கியது, ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை ஒருங்கிணைக்கிறது. ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்க 7 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும், ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதலான ஆண்களும் பதில் சொன்னார்கள். தமிழ்நாட்டில் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 64 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று இன்று உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அந்தப் பெண்கள் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னதால்தான்.

இந்த சர்வேயில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கணவன் அடிக்கிறானா என்று கேட்கும் பகுதிக்கு வைத்திருக்கும் கட்டுப்பாடு. எல்லா வீட்டிலும் இதைக் கேட்பதில்லை. கேட்கும் வீட்டிலும் ஒரே ஒரு பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரே வீட்டில் மாமியாரிடமும் மருமகளிடமும் கேட்டால், என்ன கேட்டார்கள் என்பது இரவுக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பதில் சொன்னவளுக்கு அடி விழக்கூடும். அதனால்தான் ஒரு வீட்டுக்கு ஒருத்தி.

ஆனால் நடைமுறையில் தனிமைதான் பெரிய பாடு. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பார்கள். கதவோரம் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப் பார்க்கும். அந்தச் சூழலில் "கர்ப்பம் கலைந்திருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அனுபவமுள்ள கணக்கெடுப்பாளர் நாற்காலியைத் தானே எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா, கொல்லைப்பக்கம் காத்தாடப் பேசலாம்" என்று கூட்டிப்போய்விடுவார். அப்படிச் செய்யாதவரிடம், "தனியாப் பேசலாமா?" என்று நீங்களே கேட்கலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். பாதியில் எழுந்து போகலாம். இவை அவர்கள் காட்டும் சலுகை அல்ல, உங்கள் உரிமை.

முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்ல வைக்க ஒரு நல்ல வழியை இந்தியாவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 2006-07இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இளைஞர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நேர்காணல் முடியும்போது ஓர் அட்டையும் உறையும் கொடுப்பார்கள். திருமணத்துக்கு முன் உறவு உண்டா என்பதற்கு அட்டையில் குறித்து, உறையில் போட்டு, நீங்களே ஒட்டிக் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்டவருக்கு உங்கள் பதில் தெரியாது. நேரில் இல்லை என்று சொன்ன சிலர் அட்டையில் ஆம் என்று குறித்திருந்தார்கள். இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கும் ஆய்வு என்றால், நம் நிலைமையை யோசித்துத்தான் செய்கிறார்கள் என்று நம்பலாம்.

குழுக் கலந்துரையாடலைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து டீ, பிஸ்கட்டோடு பேசுவது சுகமாகத்தான் இருக்கும். ஒருத்தி சொன்னதும் இன்னொருத்திக்குத் துணிச்சல் வரும். நாப்கினை எங்கே போடுவது, துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை கிடைக்கிறதா போன்ற பொதுவான விஷயங்களுக்கு இது அருமையான முறை. நீங்கள் சொன்னதை ஆய்வாளர் வெளியே சொல்லமாட்டார். ஆனால் உடன் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரைக் கட்டுப்படுத்த எந்தப் படிவமும் இல்லை. சின்ன ஊரில் ஒரு வார்த்தை போதும். அதனால் குழுவில் ஊர் வழக்கத்தை மட்டும் பேசுங்கள், சொந்தக் கதை வேண்டாம். நல்ல ஆய்வாளரும் அப்படித்தான் கேட்பார்: "இந்த ஊர்ல பொண்ணுங்க பொதுவா என்ன செய்வாங்க?" "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்பவரிடம் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கூகுள் ஃபார்ம் இதற்கு நேர் எதிர். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலுக்கு வரும் சர்வேயில் மறைந்தே போகும் பலர் இங்கே பேச முடிகிறது: விடுதியில் தங்கியிருக்கும் திருமணமாகாத பெண்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், வீட்டுக்குத் தெரியாத திருநர்கள். அவர்களுக்கு இது பெரிய கதவு. சிக்கல் என்னவென்றால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. முதல் பக்கத்தில் ஆய்வாளர் பெயர், நிறுவனம், நெறிமுறைக் குழு (கலந்துகொள்பவர்களுக்கு ஆய்வால் தீங்கு வராதா என்று முன்கூட்டியே பார்க்கும் குழு) கொடுத்த ஒப்புதல், தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். பெயரே தேவையில்லாத ஆய்வு மின்னஞ்சலைக் கட்டாயமாகக் கேட்டால் மூடிவிடுங்கள். அப்புறம், போன் உங்களுடையது மட்டும்தானா என்றும் பாருங்கள். அண்ணனும் தம்பியும் எடுத்துப் பார்க்கும் போனில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

இனி மருந்துச் சோதனை. "நம்மள எலியாக்கிடுவாங்க" என்ற பயம் இங்கேதான் அதிகம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். பழங்குடி விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தது பின்னால் தெரிந்தது. சில சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் அந்த இறப்புகளுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதை நடத்தியவர்கள் அதற்கு வைத்த பெயர் செயல்விளக்கத் திட்டம். மருந்துச் சோதனைக்கான சட்ட விதிகள் அதற்குப் பொருந்தாது என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. அதாவது, அந்தச் சிறுமிகளுக்கு இல்லாமல் போனது சோதனைக்கு உரிய பாதுகாப்புதான்.

இன்று அந்தப் பாதுகாப்பு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளில் இருக்கிறது. சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச சிகிச்சை உண்டு, இழப்பீடு உண்டு. தாயோ தந்தையோ சோதனையில் கலந்துகொண்டதால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வந்தாலும் அது இழப்பீட்டுக்குள் வரும். இது பலருக்குத் தெரியாது. எளிதில் ஏமாற்றப்படக் கூடியவர்களைப் புதிய மருந்துச் சோதனையில் சேர்க்கும்போது ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்; எச்ஐவி மருந்து என்றால் முகம் வெளிவராமல் இருக்க ஒலிப்பதிவு மட்டும் போதும். சோதனை பதிவாகியிருக்கிறதா என்று இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் நாமே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டு சர்வேக்கும் குழுப் பேச்சுக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் உண்டு, நல்ல நெறிமுறைகள்தான். ஆனால் மருந்துச் சோதனைக்கு இருக்கும் இந்த இழப்பீட்டு விதிகளின் பிடி அங்கே இல்லை.

இதில் கிடைக்கும் பலனும் பெரிது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க முன்வந்தார்கள். அந்தப் பிரிவில் 49,311 பெண்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவில் 30,958 பெண்கள். 2007இல் வந்த முடிவின்படி, முதல் பிரிவில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையும் ஓர் இடமாக இருந்த இன்னொரு ஆய்வில், சிறுமிகளுக்கு இரண்டு, மூன்று தவணை எச்பிவி ஊசி போடத் திட்டமிட்டிருந்தார்கள். 2010இல் மற்ற எச்பிவி ஊசி ஆய்வுகளும் நிறுத்தப்பட்டதால் சுமார் 5,000 பேர் ஒரே ஊசியோடு நின்றார்கள். அவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் ஒரு ஊசியே நன்றாகக் காப்பது தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணையை ஏற்றுக்கொண்டதற்கு அந்தப் பெண்களும் ஒரு காரணம்.

அதே திண்டுக்கல் ஆய்வில் எனக்கு நெருடுவது அந்த இரண்டாவது பிரிவு. பரிசோதனையால் உயிர் பிழைக்குமா என்று தெரிந்துகொள்வதற்காக, முப்பதாயிரம் பெண்கள் பரிசோதனை இல்லாமலே காத்திருந்தார்கள். அதனால் சோதனையில் சேரும்போது, "நான் எந்தப் பிரிவில் போவேன், மருந்தோ பரிசோதனையோ கிடைக்காத பிரிவில் விழுந்தால் ஆய்வு முடிந்ததும் எனக்கு அது கிடைக்குமா?" என்று கேட்டே ஆக வேண்டும். பதிலை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பதினெட்டு நிரம்பாதவர்கள் விஷயம் தனி. பெற்றோர் சம்மதம் வேண்டும், 12 வயதுக்கு மேல் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இன்னொன்று: போக்சோ சட்டப்படி, பதினெட்டு நிரம்பாதவருடனான பாலுறவு பற்றித் தெரிய வந்தால் ஆய்வாளரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர். "எல்லாம் ரகசியம்" என்று பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

என்னைக் கேட்டால், வீட்டு சர்வேக்குத் தனிமை கிடைத்தால் தயங்காமல் சரி சொல்லலாம். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்களுக்கு, யார் நடத்துகிறார்கள் என்று தெளிவாகத் தெரியும் ஆன்லைன் படிவம் நல்லது. குழுவுக்குப் போகலாம், சொந்த விஷயம் வேண்டாம். மருந்துச் சோதனைக்கு அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், நம்பிக்கையான ஒருவரோடு படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேர்ந்தால் தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். நடுராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிட வேண்டிய நம்பர் அதில்தான் இருக்கும்.