இறால் கொள்முதல் கணக்கு ஃபாக்ஸ்புரோவிலிருந்து மாறியது: மூன்று சீசனுக்குப் பின்

பாம்பன், மண்டபம் பக்கம் இறாலும் நண்டும் வாங்கும் கடைகளில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய பில் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அப்படியொரு கணக்கை ஜாங்கோவுக்கும் (பைத்தான் மொழியில் வெப் புரோகிராம் எழுதும் கட்டமைப்பு) போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கும் மாற்றி மூன்று சீசன் ஓட்டியதில் தெரிந்தது இது: திரைகளைத் திரும்ப எழுதுவது சுலபம். பழைய மொழி சொல்லாமலே செய்துவந்ததைத் தேடிப்பிடிப்பதுதான் பெரும்பாடு.

நண்டு 12.5 கிலோ, கிலோ 425 ரூபாய். மொத்தம் 5,312.50. முழு ரூபாயாக்கும் ஃபாக்ஸ்புரோ ரவுண்ட் கட்டளை இதை 5,313 ஆக்கும். பைத்தான் ரவுண்ட், சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போய் 5,312 என்று நிற்கும். பைத்தானின் டெசிமல் எண் வகைக்கு மாறினாலும் அதன் இயல்பு இதேதான். 'ரவுண்ட் ஹாஃப் அப்' (பாதி வந்தால் மேலே ஏற்று) என்று நாமே எழுத வேண்டும். ஒரு ரூபாய் என்று விட்டுவிடக் கூடாது, வள்ளக்காரர் கையில் பழைய சீட்டு இருக்கிறது.

பெயர்த் தேடலில் 'சேசு' என்று அடித்தால் ஃபாக்ஸ்புரோ அப்படித் தொடங்கும் எல்லோரையும் காட்டும், முழுதும் ஒத்துப்பார்க்கச் சொல்லும் 'செட் எக்ஸாக்ட்' அமைப்பு அணைந்தே இருப்பதால். போஸ்ட்கிரஸின் தேடல் மொழியான எஸ்கியூஎல்லில் சமக்குறி போட்டால் முழுப்பெயர் ஒத்தால்தான் வரும், அதற்குப் பதில் 'லைக்' என்ற சொல் வேண்டும். காலித் தேதிகள் ஓஎல்இடிபி என்ற தரவு இணைப்பு வழியாக 1899 டிசம்பர் 30 என்று வந்து விழுந்து, அட்வான்ஸ் பாக்கிப் பட்டியலையே கெடுக்கும். இறக்கும்போதே 'நல்' (மதிப்பில்லை) ஆக்கிவிடுங்கள். பேக் செய்யாத, அதாவது அழித்ததை நிரந்தரமாக நீக்காத, டிபிஎஃப் தரவுக் கோப்பில் அழித்த வரிகளும் கிடக்கும், கவனம்.

அதிக நாள் தின்றது தமிழ். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொம்பு (ெ) எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். அது பரவாயில்லை, எழுத்துரு மாற்றும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஔகாரத்தின் பின்பாதியும் 'ள'வும் பாமினியில் ஒரே குறி. அதனால் 'வெள்ளை இறால்' என்பது 'வௌ்ளை இறால்' ஆகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது, அறிக்கையில் ஒரே சரக்கு இரண்டு வரியாகப் பிரியும். 'ௌ' வரும் எல்லா வரிகளையும் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துவதே பாதுகாப்பு.

பில் போடுகிறவர் என்டர் தட்டித் தட்டியே அடுத்த கட்டத்துக்குப் போய்ப் பழகியவர். வெப் படிவத்தில் என்டர் தட்டினால் பாதி பில் சேமிப்புக்குப் போய்விடும். முதல் நாளே இதை மாற்றிவிட வேண்டும்.

கிடைத்த லாபம் பெரிது. கரண்ட் போனால் ஃபாக்ஸ்புரோவின் சிடிஎக்ஸ் இண்டெக்ஸ் (தேடல் அட்டவணைக் கோப்பு) கெட்டு, அதைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் முடியும்வரை ஐஸ் கரையக் காத்திருந்த காலம் போயிற்று. பில் முழுவதையும் ஒரே டிரான்ஸாக்ஷனாக (எல்லாம் முடிந்தால்தான் பதியும் தொகுப்பாக) எழுதியிருந்தால், போஸ்ட்கிரஸ் அரைகுறையாக நின்ற பில்லைத் தானே ரத்து செய்துவிடும். யுபிஎஸ் என்னவோ இப்போதும் வேண்டும்.

மாற்ற நல்ல நேரம் விசைப்படகுத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது வள்ளத்துச் சரக்கு மட்டும் வரும், பில் குறைவு. பழையது, புதியது இரண்டிலும் பதிந்து, தினமும் இரவு மொத்தத்தை ஒத்துப் பாருங்கள். பழைய டிபிஎஃப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அட்வான்ஸ் பற்று வரவெல்லாம் நேராகும்வரை வைத்திருங்கள்.